பாகம் பிரிக்குமுன்

திருமணம் என்று வந்தால் நம் திருச்சபை அவசரம் காட்டுவதில்லை. மணமக்களுக்குத் தயாரிப்பு வகுப்பு நடத்துகிறோம். மூன்று முறை ஓலை வாசிக்கிறோம். தடை ஏதும் தெரிந்தவர் வந்து சொல்லுமாறு ஊரறியக் கேட்டுக்கொள்கிறோம். அதே மணமக்கள் சில ஆண்டுகள் கழித்து, இனிச் சேர்ந்து வாழ இயலாது என்னும் முடிவோடு பங்கு இல்லத்தின் படியேறும்போது, அவர்களுக்கென்று எந்தத் தயாரிப்பும் நம்மிடம் இல்லை. இரு வீட்டாரும் எதிரெதிராக நாற்காலிகளை இழுத்துப்போட்டு அமர்கின்றனர். நகை எத்தனை சவரன், பணம் எவ்வளவு, பிள்ளை யாரிடம் என்று கேட்டவுடனேயே பேரம் தொடங்கிவிடுகிறது. எது முக்கியம் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்கப்படாத அந்தக் கேள்வியைப் பற்றியே இங்குச் சிந்திக்க விரும்புகிறோம்.

கத்தோலிக்க இதழில் மணமுறிவுப் பேச்சைப் பற்றி எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். முறையாக நிகழ்ந்து நிறைவுபெற்ற திருமண அருளடையாளத்தின் பிணைப்பை மனிதர் எவரும் அவிழ்க்க இயலாது என்பது நம் விசுவாசம். அதில் மாற்றமில்லை. நீதிமன்றத் தீர்ப்பு அப்பிணைப்பைத் தொடுவதில்லை. அதுபோலவே, திருச்சபை நடுவர் மன்றம் ‘இத்திருமணம் தொடக்கமுதலே செல்லாது’ என்று கூறினாலும், நாட்டுச் சட்டத்தின் முன் அது மணமுறிவு ஆகாது என்பதை உச்ச நீதிமன்றம் 1996இல் தெளிவுபடுத்தியது. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு அல்லற்படும் குடும்பங்கள் பல.

ஆயினும் 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, 2383ஆம் எண்ணில் ஒன்றைச் சொல்கிறது. சட்டப்படியான சில உரிமைகளையோ, பிள்ளைகளின் பராமரிப்பையோ, சொத்துரிமையையோ காப்பதற்கு நாட்டுச் சட்டத்தின்படியான மணமுறிவைத் தவிர வேறு வழியில்லை எனில், அது பொறுத்துக்கொள்ளப்படலாம். அது அறநெறிக் குற்றம் ஆகாது என்பது அதன் கருத்து. இதைப் பலர் அறிவர். ஆனால் அதிலிருந்து பிறக்கும் கடமையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. உரிமை, பிள்ளைகள், சொத்து ஆகிய இவற்றைக் காப்பதற்காகவே அந்தப் பொறுதி தரப்படுகிறது. பேச்சுவார்த்தையில் முடிவாகப்போவனவும் இவையே. எனவே, செய்துகொள்ளும் உடன்பாடு பிள்ளைகளையும் நலிந்தவரையும் காக்கத் தவறுமானால், எதன்பொருட்டு மணமுறிவு பொறுத்துக்கொள்ளப்பட்டதோ அதுவே இல்லாமற் போய்விடுகிறது. உடன்பாடு வழக்கறிஞர் மட்டும் பார்த்துக்கொள்ளும் காரியம் அன்று. அது மனச்சான்றின் காரியம்.

நம் சொந்தத் தவறு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அடையாளங்களை மாற்றியே எழுதுகிறோம். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய ஒரு பங்கில் இளம் தம்பதியர் பிரிவதென்று முடிவெடுத்தனர். கணவர் வளைகுடா நாட்டில் வேலை பார்த்தவர். மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தை. சேர்த்துவைக்கும் முயற்சிகள் யாவும் தோற்றபின், பெரியவர்கள் முன்னிலையில் மூன்று மாலைகள் பங்கு இல்லத்தில் பேச்சு நடந்தது. நகை பற்றி ஒருவாறு முடிவாயிற்று. ஒரு தொகையும் முடிவாயிற்று. ஆனால் வீட்டிலிருந்த தையல் மிஷினை மட்டும் அந்தப் பெண் விடாமல் கேட்டார். அது தம் பணத்தில் வாங்கியது, தர முடியாது என்றார் கணவர். மூன்றாம் நாள் மாலை இருட்டிவிட்டது. மறுநாள் எமக்குக் கிளைக் கிராமத்தில் திருவிழாப் பூசை. எல்லாரும் களைத்திருந்தனர். ‘ஒரு மிஷினுக்காகவா இத்தனை பேச்சு? விட்டுக்கொடு அம்மா, சமாதானம் பெரிது’ என்றோம். அவர் தலைகுனிந்து சிறிது நேரம் இருந்துவிட்டு, ‘சரி சாமி’ என்றார். குழந்தைக்கு மாதந்தோறும் என்ன தருவது என்று எவரோ கேட்டபோது, ‘அவன் தகப்பன்தானே, பார்த்துக்கொள்வான்’ என்ற வாய்ச்சொல்லோடு அது முடிந்தது. தாளில் எழுதப்படவில்லை. அன்றிரவு செபமாலை சொல்லும்போது நல்ல காரியம் ஒன்றை முடித்துவைத்த நிறைவு எமக்கு இருந்தது.

கையில் வந்த தொகை அவருடைய தந்தையின் மருத்துவச் செலவிலும் பழைய கடனிலும் கரைந்தது. மாதப் பணம் ஓராண்டு வந்து, பிறகு நின்றது. தம் வீட்டிலிருந்தே நாலு பேருக்குத் தைத்துக் கொடுத்துப் பிழைத்திருக்க வேண்டியவர், இன்னொருவர் கடையில் கூலிக்குத் தைத்தார். மகளின் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. சில ஆண்டுகளுக்கு முன் அந்த மகள், தன் திருமண அழைப்பிதழைத் தர எம்மைத் தேடி வந்தாள். பேச்சோடு பேச்சாக ஒன்று கேட்டாள்: ‘சாமி, அம்மா ஏன் அந்த மிஷினையே கேட்டாங்கன்னு அன்னைக்கு யாருமே கேக்கலியா?’

கோபத்தோடு கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எம்மிடம் மறுமொழி இல்லை. மூன்று மாலைகளில் ‘எவ்வளவு’ என்று நூறு முறை கேட்ட நாம், ‘ஏன்’ என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. எம் களைப்புக்குச் சமாதானம் என்று பெயர் சூட்டி, அதன் விலையை அந்தப் பெண்ணிடம் வாங்கினோம்.

அந்நாளுக்குப் பின் விவிலியத்தின் சில பகுதிகளை நாம் வேறுவிதமாக வாசிக்கிறோம். தொடக்க நூல் 13ஆம் அதிகாரத்தில் ஆபிராமும் லோத்தும் பிரிகின்றனர். இருவருடைய மந்தைகளுக்கும் நிலம் போதவில்லை, மேய்ப்பர்களிடையே சச்சரவு. உறவினராகிய நமக்குள் சண்டை வேண்டாம், நீ எந்தப் பக்கம் வேண்டுமோ எடுத்துக்கொள், நான் மற்றப் பக்கம் செல்கிறேன் என்கிறார் ஆபிராம். லோத்து நீர்வளம் மிக்க யோர்தான் சமவெளியைத் தேர்ந்துகொண்டார். பேசத் தொடங்குமுன்பே, தமக்கு நிலத்தைவிட உறவில் பகை மூளாதிருத்தல் முதன்மை என்று ஆபிராம் தீர்மானித்துவிட்டிருந்தார். ஆகவேதான் அவர் பேச்சில் பதற்றம் இல்லை.

இப்பகுதியை வைத்து ‘விட்டுக்கொடுங்கள்’ என்று பலமுறை மறையுரை ஆற்றியிருக்கிறோம். ஆனால் விட்டுக்கொடுத்தவர் யார் என்பதைக் கவனிக்கத் தவறினோம். ஆபிராம் பெரியப்பா முறையினர், குடும்பத்தின் தலைவர், பேச்சில் மேல்நிலையில் இருந்தவர். முதலில் தேர்ந்துகொள்ளும் உரிமையை அவர் இளையவருக்குத் தந்தார். வலியவர் எளியவருக்கு விட்டுக்கொடுத்த நிகழ்ச்சி அது. நாமோ எளியவரை அழைத்து வலியவருக்கு விட்டுக்கொடுக்கச் சொன்னோம். அடுத்த அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். லோத்து பகையரசர்களால் சிறைப்பிடிக்கப்பட்டபோது, ஆபிராம் 318 பேரைத் திரட்டிச் சென்று அவரை மீட்டார். நிலம் பிரிந்தது, கடமை பிரியவில்லை.

சாலமோனின் தீர்ப்பும் அவ்வாறே தவறாகக் கையாளப்படுகிறது. குழந்தையை இரண்டாக வெட்டுவதைவிட மற்றவளிடமே கொடுத்துவிடுங்கள் என்று கதறிய பெண்ணைக் காட்டி, ‘உண்மைத் தாய் விட்டுக்கொடுப்பாள்’ என்று தாய்மார்களின் வாயை அடைக்கிறோம். அவள் விட்டுக்கொடுக்க முன்வந்தது தன் உரிமையை. குழந்தையின் உயிரை அன்று. தனக்கு எது முதன்மை என்பதில் அவளுக்கு ஐயம் இருக்கவில்லை. அரசரும் அவளை வெறுங்கையோடு அனுப்பவில்லை. பிள்ளையை அவளிடமே ஒப்படைத்தார். தீர்ப்பளிக்கும் இடத்தில் அமர்பவர்களுக்கு அதில் பாடம் உண்டு.

அப்படியானால், பேச உட்காருமுன் எதை முதன்மை என்று கொள்வது?

முதலில், பேச்சுவார்த்தை தரக்கூடியது எது, தரமுடியாதது எது என்று பிரித்தறிய வேண்டும். வீடு, நகை, மாதப் பணம், பிள்ளையின் படிப்புச் செலவு, பிள்ளையைப் பார்க்கும் நாள்கள் ஆகியவற்றை அது தரலாம். இழந்த ஆண்டுகளை அது தராது. ‘நான் செய்தது தவறு’ என்று எதிர்த்தரப்பு மனமுருகிச் சொல்வதையும் தராது. ஆனால் புண்பட்ட நெஞ்சம் அந்த மன்னிப்பையே தேடுகிறது. அது கிடைக்காதபோது, அதற்கீடாக இன்னும் ஐந்து சவரன் கேட்கிறது. அந்த ஐந்து சவரன் கிடைத்தாலும் நெஞ்சம் ஆறுவதில்லை. ஆறாத புண்ணை இறைவன் முன்பும், நம்பத்தக்க ஆலோசகரிடமும் கொண்டுசெல்ல வேண்டும். பேச்சு மேசையில் அதற்கு மருந்து இல்லை.

அடுத்து, நீதியையும் அன்பையும் குழப்பிக்கொள்ளலாகாது. குருமடத்தில் அறநெறியியல் பயின்றபோது, பிறருக்கு உரியதைத் திருப்பித் தருவது ஈடுசெய்தல் என்றும், அது கடமை என்றும் கற்றோம். நீதியின்படி தர வேண்டியதை அன்பளிப்புபோலக் கொடுக்கலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் பொதுநிலையினர் பணி பற்றிய ஏட்டில் (1965) நினைவூட்டுகிறது. மணமகளுக்கென்று அவள் பெற்றோர் அணிவித்த நகை அவளுடையது. அதைத் திருப்பித் தரும் கணவர் வீட்டார் பெருந்தன்மை காட்டவில்லை; கடனைத் தீர்க்கின்றனர். 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் வரதட்சணையையே குற்றம் என்கிறது. அதையும் மீறி வாங்கப்பட்டது அந்தப் பெண்ணுக்கே சேர வேண்டும் என்று அதன் 6ஆம் பிரிவு கூறுகிறது. பிள்ளைக்குரிய பராமரிப்பு பிள்ளையின் உரிமை. தாயோ தந்தையோ தம் கோபத்தினாலோ சோர்வினாலோ ‘எனக்கு ஒன்றும் வேண்டாம்’ என்று கையெழுத்திடும்போது, தமக்குச் சொந்தமில்லாததையும் சேர்த்தே விட்டுக்கொடுத்து விடுகின்றனர்.

உண்மையும் நீதியைச் சேர்ந்ததே. வருமானத்தைக் குறைத்துக் காட்டுவதும், சொத்தை அவசரமாகத் தம்பி பெயருக்கு மாற்றுவதும் சாமர்த்தியம் என்று கருதப்படுகின்றன. கத்தோலிக்கருக்கு அவை பத்துக் கட்டளைகளுள் ஏழாவதையும் எட்டாவதையும் மீறும் பாவங்கள். பராமரிப்பு வழக்குகளில் இரு தரப்பினரும் தம் சொத்து, கடன், வருமானம் ஆகியவற்றை உறுதிமொழிப் பத்திரத்தில் வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் நெறிமுறை வகுத்தது. நீதிமன்றம் கேட்குமுன்னே மனச்சான்று கேட்கிறது.

பேச்சைப் பற்றியும் ஒரு சொல். கன்னி மரியா கருவுற்றிருப்பதை அறிந்த சூசையப்பர், வானதூதரின் செய்தி வருமுன், அவரை மறைவாக விலக்கிவிடவே எண்ணினார் என்று மத்தேயு எழுதுகிறார். நேர்மையாளராகிய அவர், மரியாவை இகழ்ச்சிக்கு உள்ளாக்க விரும்பவில்லை. தாம் வஞ்சிக்கப்பட்டதாக எண்ணியிருக்கக்கூடிய அந்த வேளையிலும், பிறருடைய நற்பெயரைக் காப்பதை அவர் முன்னதாகவே தீர்மானித்துக்கொண்டார். பிரியும் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் ஊரில் தூற்றும்போது, அதைக் கேட்டு வளரப்போகிறவர் அவர்களுடைய பிள்ளையே. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2016இல் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்ச்சி’ என்னும் திருத்தூது ஊக்கவுரையில், பிரிந்த பெற்றோர் பிள்ளையைப் பணயக்கைதி ஆக்கலாகாது என்று மிக வன்மையாக வேண்டுகிறார்.

எது முதன்மை என்று கண்டறிவது எளிதன்று. மனம் கொந்தளிக்கும் வேளையில் எல்லாமே முதன்மையாய்த் தோன்றும். இதற்குப் புனித இஞ்ஞாசியார் நமக்குத் துணைபுரிவார். 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில், முடிவெடுப்பதற்கு அவர் கூறும் வழிகளுள் இரண்டு இங்குப் பொருந்தும். முன்பின் அறியாத ஒருவர் இதே நிலையில் உன்னிடம் வந்தால், அவருடைய முழு நன்மையை நாடி நீ என்ன அறிவுரை சொல்வாய்? அதை நீயே செய் என்பது ஒன்று. சாகும் நேரத்தில் இம்முடிவைத் திரும்பிப் பார்த்தால், எப்படிச் செய்திருக்க விரும்புவாய்? அப்படிச் செய் என்பது மற்றொன்று. ஆறுதலற்ற இருள்நிலையில், முன்பு தெளிவோடு எடுத்த முடிவை மாற்றாதே என்றும் அவர் எச்சரிக்கிறார். களைப்பின் உச்சத்தில், இருட்டிய பிறகு, ‘முடிந்தால் போதும்’ என்று கையெழுத்திடுவது இதற்கு நேர்மாறானது. எம் பங்கு இல்லத்தில் நிகழ்ந்தது அதுவே.

ஆகவே, நம்மிடம் வருவோருக்கு இப்போது ஒன்றைச் சொல்கிறோம். உறவினர் எவரும் அருகில் இல்லாமல், நற்கருணை முன்னிலையில் ஒரு மணி நேரம் அமருங்கள். ஒரு தாளை எடுத்து மூன்றாகப் பிரியுங்கள். விடவே கூடாதவை, கூட்டிக் குறைக்கக்கூடியவை, விட்டுவிடக் கூடியவை என்று எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘ஏன்’ என்று ஒரு வரி எழுதுங்கள். ‘ஏன்’ என்பதற்கு ‘பிள்ளை’ என்றோ ‘பிழைப்பு’ என்றோ விடை வந்தால், அது தையல் மிஷினாக இருந்தாலும் முதல் வரிசைக்கு உரியது. ‘அவர்கள் தோற்க வேண்டும்’ என்று விடை வந்தால், அது வீடாகவே இருந்தாலும் மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டியது. ஒரு வாரம் கழித்து அதே தாளை மறுபடி படியுங்கள். சில வரிகள் இடம் மாறியிருக்கக் காண்பீர்கள்.

இந்தத் தாளில் எவற்றிற்கும் முன் நிற்க வேண்டியது உயிரின் பாதுகாப்பு. வீட்டில் அடியும் மிரட்டலும் இருந்தால், அங்கே எதிரெதிரே உட்கார்ந்து பேசவைப்பதே கொடுமை. உடலுக்கோ ஆன்மாவுக்கோ பெரும் கேடு விளைவிக்கும் துணையை விட்டுப் பிரிந்திருக்க 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, எண் 1153இல் இடம் தருகிறது. அடுத்த எண்ணே, பிரிந்த பின் பிள்ளைகளின் வாழ்வுக்கும் கல்விக்கும் உரிய ஏற்பாடு எப்போதும் செய்யப்பட வேண்டும் என்கிறது. பாதுகாப்புக்குப் பின் பிள்ளை, பிள்ளைக்குப் பின் நலிந்தவரின் பிழைப்பு, அதன்பின் மற்றவை. இவ்வரிசையை நாமாகக் கற்பிக்கவில்லை. திருச்சபைச் சட்டத்தின் வரிகளிடையே அது இருக்கிறது. நாட்டுச் சட்டமும் இதற்கு அயலானது அன்று. பிள்ளை யாரிடம் வளர்வது என்பதில் பிள்ளையின் நலனையே நீதிமன்றம் நோக்க வேண்டும் என்பது 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் முதற்கொண்டு வரும் நெறி.

சட்டமும் அவகாசம் தருகிறது என்பதை மறக்க வேண்டாம். 1869ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டத்தில், கிறிஸ்தவத் தம்பதியர் இருவரும் ஒப்பி மனுச் செய்யும் வழி 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான், 10அ பிரிவாகச் சேர்க்கப்பட்டது. அச்சட்டத்தின் வாசகப்படி, மனு அளித்து ஆறு மாதங்கள் கடந்த பின், பதினெட்டு மாதங்களுக்குள் இருவரும் மீண்டும் நீதிமன்றத்தை அணுக வேண்டும். அந்த மாதங்களைப் பலர் வீணான காத்திருப்பு என்று சலித்துக்கொள்கின்றனர். எழுதிய தாளைத் திரும்பப் படிப்பதற்கும், விடுபட்டதைச் சேர்ப்பதற்கும், ஒருவேளை இறையருளால் மனம் திரும்பிச் சேர்வதற்கும் அவை பயன்படும். அந்தக் கதவை மூடும் சொற்களைப் பேசாதிருப்பதும் ஒரு தீர்மானமே.

பெற்றோருக்கும் உற்றாருக்கும் பங்கின் பெரியவர்களுக்கும் நம் வேண்டுகோள் இது: உங்கள் மானத்தையும் அவசரத்தையும் அவர்களுடைய தாளில் எழுதாதீர்கள். வாய்ச்சொல்லை நம்பி எதையும் விடாதீர்கள். மாதப் பணம் எவ்வளவு, எந்தத் தேதி, எந்த வயது வரை, பள்ளிக் கட்டணம் யார் பொறுப்பு, நோய் வந்தால் யார் செலவு, முதல் நற்கருணைக்கும் பிறந்தநாளுக்கும் பிள்ளையோடு யார் இருப்பது என்பவற்றை எழுத்தில் கொண்டுவாருங்கள். எழுதிக் கேட்பது நம்பிக்கையின்மை ஆகாது. திருமணத்தையும் நாம் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியே நடத்துகிறோம்.

அந்த மகளின் திருமணத்திற்குச் சென்றிருந்தோம். தந்தையும் வந்திருந்தார், கோயிலின் பின்வரிசையில் அமர்ந்திருந்தார். மணமகளின் சட்டையைத் தாயே தைத்திருந்தார். பூசை முடிந்ததும் அத்தாயிடம், அன்று நாம் சொன்னது தவறு என்று சொன்னோம். ‘விடுங்க சாமி, அது முடிஞ்ச கதை’ என்றார் அவர். அவர் விட்டுவிட்டார். நமக்கு அது முடிந்த கதை அன்று. இனி வருவோரிடம் ‘ஏன்’ என்று கேட்காமல் ‘விட்டுக்கொடு’ என்று சொல்லாதிருக்கும் வரையில்தான் அது நமக்கு முடியும். அதற்கு வேண்டிய பொறுமையை இறைவன் எமக்கும், இப்படிப்பட்ட மாலைகளில் நடுவே அமரும் யாவருக்கும் அருள்வாராக.